லூர்துராஜ் வாங்கிய ஆம்ப்ளிஃபையர்

லூர்துராஜுக்குப் பேச்சு போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. புற்றுநோய் என்று குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவரும் மனைவி ஆனிமேரியும் வீட்டில் ஒருமுறைகூட எடுத்துப் பேசவில்லை. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே சுருதியில் இழுக்கும் அந்த ஒலியை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பீரோவுக்குள் போட்டுவிட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வந்தன.

முப்பத்தோரு வருடம் மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. பெரிய வெள்ளியன்று அவர் தனியாகப் பாடும் பகுதி வந்தால் ஞானஒளிவுபுரம் கோயிலில் விசிறிக்கொண்டிருக்கும் கைகள் நின்றுவிடும்.

பாட்டுக் கேட்பது மட்டும்தான் இனி மிச்சம். வீட்டிலிருந்த பழைய செட்டும் சித்திரை மாதம் புகைந்துபோனது. நல்லதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று பெங்களூரிலிருந்து மகள் ஜெனிஷா சொல்ல, கணவனும் மனைவியும் ஒரு சனிக்கிழமை ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம் போனார்கள். பழைய வெளிநாட்டு ஸ்டீரியோக்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் டோனியின் பட்டறை அங்கே இருந்தது.

டோனி இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை எடுத்து வைத்திருந்தான். ஒன்று ஜப்பானில் செய்தது, மற்றது இங்கிலாந்தில் செய்தது. இரண்டும் ஆளைச் சாய்க்கும் கனம். “ஜப்பான்காரன் உள்ளத உள்ளபடி குடுப்பான் சார். இந்த இங்கிலாந்துப் பொட்டி வார்ம் சவுண்டு. கூரான சத்தத்த எல்லாம் கொஞ்சம் மழுக்கி, காதுக்கு எதமாக் குடுக்கும்” என்றான்.

லூர்துராஜ் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் வயலின் கேட்டார், நாகசுரம் கேட்டார். விமான நிலையம் பக்கத்திலேயே என்பதால், தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் டோனி பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். அரை மணி நேரத்தில் அவர் மனது ஜப்பான் பெட்டியில் நின்றுவிட்டது. வில் தந்தியில் உரசுவதும், வாசிப்பவர் மூச்சிழுப்பதும் அதில் தனித்தனியாகக் கேட்டன. நோட்டை எடுத்து எழுதப்போனார்.

அப்போது ஆனிமேரி கைப்பையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். “இதையும் ஒருக்கா போட்டுப் பாருங்க தம்பி.”

அது என்னவென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின வருடம் பெரிய வெள்ளியன்று குழுவில் ஒருவர் பதிவு செய்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தன் குரலை அவர் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று கையைத் தூக்கினார். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

முதலில் இங்கிலாந்துப் பெட்டியில் போட்டான். குரல் நிறைவாக, உருண்டு வந்தது. ஆனிமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டோனி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அதையே ஜப்பான் பெட்டியில் போட்டான்.

இரண்டாவது வரி முடிவில் குரல் கீழே இறங்கும் இடத்தில் ஒரு கரகரப்பு கேட்டது. உப்புத்தாளை லேசாகத் தேய்த்ததுபோல, ஒரு நொடிதான். அடுத்த வரியில் மறுபடியும் வந்தது. எப்போதிலிருந்து குரல் கம்முகிறது என்று டாக்டர் கேட்டபோது நாலு மாதமாக என்று அவர் சொல்லியிருந்தார். இந்தப் பதிவோ டாக்டரிடம் போனதற்கு எட்டு மாதம் முந்தியது.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தார், கேட்கவே கூடாது என்றும் நினைத்தார். நோட்டில் ‘இங்கிலாந்து’ என்று எழுதி டோனியிடம் காட்டினார். ஏன், ஜப்பான்தானே உங்களுக்குப் பிடித்தது என்று ஆனிமேரி கேட்டாள். ‘இதுதான் எதமா இருக்கு’ என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் சாயங்காலச் செபம் முடிந்ததும் அவள் அந்தப் பாட்டைப் போட்டாள். அவரும் உட்கார்ந்து கேட்டார். பெட்டி மழுக்கிக் கொடுத்தாலும் அந்த இரண்டு இடங்களும் அவர் காதுக்குத் தப்பவில்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள், பாட்டு முடிந்தபின் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ஆனிமேரி சொன்னாள்: “உங்க கொரலு கரகரத்தது அன்னைக்குக் கோயில்லயே எனக்குக் கேட்டுச்சுங்க. வெயில்ல தண்ணி மாத்திக் குடிச்சதுன்னு நெனச்சு, சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலயே நானு.”

இத்தனை நாளும் அவள் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அவர் நோட்டை எடுத்தார். எழுதினார்: ‘எனக்கு அதுக்கு முந்தியே தெரியும். தவக்காலப் பாட்டுப் பயிற்சியிலயே கொரலு கீழ இறங்கல. சொன்னா பாட விடமாட்டாங்கன்னு மறைச்சிட்டேன்.’

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். வெங்காயத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. வேளைக்குச் சோறு வந்தது, கழுத்துத் துளைக்குக் கட்டும் துணி துவைத்து மடித்து வந்தது. அவர் மூன்று தடவை ஏதேதோ எழுதிக் கிழித்துப் போட்டார். மூன்றாம் நாள் காலையில் அவள் வந்து, “ஒரு பாட்டுக்காகவா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது, சத்தம் வரவில்லை.

அந்தப் பாட்டை அதன்பிறகு அவர்கள் போடவில்லை. சாயங்காலங்களில் அவர் வயலின் கேட்கிறார். சில நாள் அவளும் வந்து உட்காருகிறாள். சில நாள் கூப்பிட்டாலும் வருவதில்லை.