கும்மியை நிறுத்திய குழம்பு

போன வாரம் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கும்மி பாதியில் நின்றுபோனது. மைக் ரிப்பேர் இல்லை, கரண்ட் கட் இல்லை, மழையும் இல்லை. காரணம், என் வீட்டுக் குழம்பு.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் நின்ற இடத்தில் நீங்கள் நின்றிருந்தால்... சரி, முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் மகள் இனியாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாக – வயது ஆறு, ஒன்றாம் வகுப்பு, காய்கறி என்றால் ஆகவே ஆகாது. உப்புமாவில் கிடக்கும் பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் அடுக்கி முடிப்பதற்குள் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்துவிடும். கோழிக்குழம்பு, முட்டை. இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் சோறு உள்ளே போகும்.

நான் சும்மா இருந்தேனா? பீட்ரூட் பூரி, கீரை தோசை, கேரட்டைத் துருவிப் போட்ட நூடுல்ஸ் என்று யூடியூபில் வந்த எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். சமயநல்லூரில் இருக்கும் என் தோழி, "பட்டினி போடுடி, பசிச்சா தானா வந்து திம்பா" என்றாள். அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். மதியம் ஆவதற்குள் எனக்குத்தான் மயக்கம் வந்தது. அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் காப்புக் கட்டினார்கள்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. தெருவுக்கென்று ஒரு சின்ன மாரியம்மன் கோயில். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் வைத்து முளைப்பாரி கரைக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் கவுச்சி கூடாது. தாளிக்கவே கூடாது என்கிற ஊர்களும் உண்டு. எங்கள் தெருவில் அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் கறி, மீன், முட்டை... மூச்!

இந்த வருடம் என் வீட்டுக்காரரும் காப்புக் கட்டியிருந்தார், தீச்சட்டி எடுப்பதற்காக. போன வருடம் இனியா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் துவண்டு கிடந்தபோது வேண்டிக்கொண்டது. குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் அப்போது இறங்கிய எடை இன்னும் முழுதாக ஏறவில்லை. அவள் தட்டை நான் இவ்வளவு உற்றுப் பார்ப்பதற்குக் காரணமும் அதுதான்.

"வெளியே ஹோட்டலில் ஒரு ஆம்லெட் வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அவளுக்காகத்தான் சட்டி எடுக்கிறேன். அவளுக்கே கவுச்சி கொடுத்தா நல்லாவா இருக்கு?" என்றார் அவர்.

முதல் சில நாட்கள் தயிர் சோறும் சிப்ஸுமாக ஓடியது. பிறகு தயிர் சோறும் நான்கு வாயோடு நின்றது. டிபன் பாக்ஸ் கொண்டுபோன கனத்திலேயே திரும்பி வந்தது. "பாப்பா மதியம் டெஸ்க்ல தலை வச்சுப் படுத்துக்கிறா மேடம்" என்று டீச்சர் போனில் சொன்னார். எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலா என்று பயம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அலங்காநல்லூரில் இருந்து என் அண்ணன் வண்டியில் வந்து, தோட்டத்து வாழைப்பூ இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பார்த்ததும் பொறி தட்டியது. மதுரைக்காரிக்குக் கோலா உருண்டை செய்யவா சொல்லித்தர வேண்டும்? கறி போடுகிற இடத்தில் பூவைப் போட்டால் போயிற்று.

எப்படிச் செய்தேன் என்று கேட்டு எழுதுவீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூவில் நரம்பையும் கண்ணாடி மாதிரி இருக்கிற சின்ன இதழையும் ஆய்ந்து, நறுக்கி, மோரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துப்போகும். மஞ்சள் தூள் போட்டு வேகவைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிடுங்கள். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, சோம்பு, கசகசா, தேங்காய் எல்லாவற்றையும் வதக்கி, பூவோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மைய அரைத்தால் கதை முடிந்தது, பல்லில் நார் தட்டுப்பட்டால்தான் கறி மாதிரி இருக்கும். பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசைந்து உருட்டிப் பொரியுங்கள். குழம்பு, கறிக்குழம்புக்கு அரைக்கிற அதே மசாலாதான். இறக்கிய பிறகு உருண்டைகளைப் போட்டு ஊறவிட்டால் போதும். கொதிக்கவிட்டால் கரைந்துவிடும்.

பட்டையும் கிராம்பும் தாளித்ததுமே இனியா ஓடி வந்துவிட்டாள்.

"என்னம்மா வாசனை? கறியா?"

ஒரு நொடிதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆமா. கறிக்கோலாக் கொழம்பு."

"சாமிக்குக் காப்புக் கட்டியாச்சுன்னு சொன்னியேம்மா?"

ஒரு பொய் சொன்னால் அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று வேண்டுமே. "சின்னப் புள்ளைங்க சாப்பிட்டா ஆத்தா ஒண்ணும் சொல்லாது. நீ பேசாம சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டாள். சாதாரணமாகவா? குழம்பை ஊற்றிப் பிசைந்து, உருண்டையைப் பிட்டுப் பிட்டு வைத்து, தட்டை வழித்து, விரலையும் சூப்பிவிட்டு, "இன்னும்மா" என்று தட்டை நீட்டினாள். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரும் அதே குழம்பைச் சாப்பிட்டார். "வாழைப்பூன்னு என்னாலயே நம்ப முடியல. புள்ளகிட்ட வாயத் தொறந்துராத" என்று ரகசியமாகச் சொன்னார். மறுநாளும் அதையே செய்தேன்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். காப்புக் கட்டியதில் இருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பது செல்வியக்கா, எங்கள் எதிர் வீடு. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததற்கு மூச்சு வாங்கும் இடைவெளியில், பக்கத்தில் கை தட்டிக்கொண்டிருந்த இனியாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

"என்னாத்தா, சாப்டியா? என்ன கொழம்பு?"

"கறிக்கோலாக் கொழம்பு பெரியம்மா. நேத்தும் அதான்."

கும்மி அப்படியே நின்றது.

செல்வியக்கா திரும்பி என் வீட்டுக்காரரின் கையில் கட்டியிருந்த காப்பைப் பார்த்தார். "என்ன தம்பி இது? கையில மஞ்சக் கயித்தக் கட்டிக்கிட்டு வீட்ல கறி எடுத்தீகளா? நேத்துத் தெருவே மணந்துச்சு. நம்ம தெருவுல யாரு எடுப்பான்னு இருந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவர் சட்டென்று சிரித்தபடி, "அட, சின்னப் புள்ளக்கா. சும்மா அளக்குறா" என்றார்.

அவ்வளவுதான், எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தர் சிரித்தார், இன்னொருவர் "இந்தக் காலத்துப் புள்ளைக..." என்று ஆரம்பித்தார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதிதான், மறைத்து என்ன? பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள். அதுவரை அவள் வயிறு நிறையும். உண்மையைச் சொன்னால் நாளையில் இருந்து மறுபடியும் தயிர் சோறு, அதுவும் நான்கு வாய்.

செல்வியக்கா குனிந்து இனியாவிடம் சொன்னார். கோபமாகக் கூட இல்லை, பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வதுதான். "சாமி சன்னதியில பொய் சொல்லக் கூடாதுத்தா. ஆத்தா கண்ணக் குத்திரும்."

"நான் பொய் சொல்லல. அம்மா, நீ சொல்லும்மா" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "புள்ள பொய் சொல்லலக்கா. நான்தான் கறின்னு பொய் சொல்லிக் குடுத்தேன். அது வாழைப்பூ" என்றேன்.

நம்புவார்களா? "வாழைப்பூவா? அந்த மணமா?" என்றார் செல்வியக்கா. "கொண்டா பாப்போம்." ஓடிப்போய் மிச்சக் குழம்பைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தேன். செல்வியக்கா ஓர் உருண்டையைப் பிட்டார், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார், மோந்தார். வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"ஏத்தா, வாயில வச்சு இது கறியாவே தெரிஞ்சா நான் என்ன பண்றது? நானும்ல விரதம் இருக்கேன்."

நியாயமான கேள்விதானே? விரதம் வயிற்றுக்கா, நாக்குக்கா? எனக்கு இன்றைக்கு வரைக்கும் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். செல்வியக்கா அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, துணிந்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வாழைப்பூதான். உப்புக் கொஞ்சம் கம்மி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ரெசிபி கேட்டார்கள். கும்மி மறுபடியும் தொடங்கியது. இனியா மட்டும் வட்டத்துக்குள் வரவில்லை, கோயில் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவின் கையையும் பிடிக்கவில்லை, என் கையையும் பிடிக்கவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த பூவை எடுத்துக் காட்டினேன். மடலைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு. ஏம்மா பொய் சொன்ன?"

"வாழைப்பூன்னு சொன்னா நீ சாப்பிட மாட்டல்ல?"

"நீ சொல்லவே இல்லையே."

இவளிடம் என்றைக்காவது ஒரு காயின் பெயரைச் சொல்லி, "சாப்பிட்டுப் பார்க்கிறியா?" என்று கேட்டிருக்கிறேனா? மிரட்டியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், கார்ட்டூன் போட்டுக் காட்டிக்கொண்டே ஊட்டியிருக்கிறேன், ஒளித்துவைத்துக் கொடுத்திருக்கிறேன். கேட்டதில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாளோ என்னவோ... அது வேறு விஷயம்.

நாம் எல்லோருமே இப்படித்தானே? ஊசி வலிக்கவே வலிக்காது என்கிறோம். கசப்பு மருந்தை ஜூஸ் என்கிறோம். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு ஆபீஸ் கிளம்பும்போது, "இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்" என்கிறோம். எல்லாம் அவர்கள் நல்லதுக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொய்யைப் பிள்ளை நம்பி, நாலு பேரிடம் போய்ச் சொல்லும் என்று நாம் யோசிப்பதே இல்லை. மாட்டிக்கொள்ளும்போது நிற்பது நாம் இல்லை, அது.

அடுத்த மூன்று நாளும் என் சமையல் விசாரணைக் கமிஷனில் இருந்தது. "இது நெசமாவே தோசையா? உள்ள என்ன இருக்கு?" "தயிர்ல என்ன கலந்த?" கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். போன மாதம் தோசையில் கேரட் சாறு கலந்தது, பூரியின் சிவப்பு, எல்லாவற்றையும். எதையும் ஒளிக்க முடியாத சாப்பாடாகப் பார்த்துச் சாப்பிட்டாள் – வாழைப்பழம், வேகவைத்த கடலை, வெறும் சோறு. வாழைப்பூவை நான் மறுபடி செய்யவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பொங்கலன்று அவர் தீச்சட்டி எடுத்தார். வேண்டுதல் நல்லபடியாக நிறைவேறியது. இனியா தண்ணீர்க் குடத்தோடு நின்று, கோயில் வாசலில் அப்பாவின் காலில் தண்ணீர் ஊற்றினாள். ஆத்தாவுக்கு எங்கள் மேல் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

முளைப்பாரி கரைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெருவே கறிக்கடையில் நின்றது. நாங்களும் எடுத்தோம். கைமா வாங்கி, பார்த்துப் பார்த்துக் கோலா செய்தேன். இத்தனை நாள் கழித்துப் பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைக்கிற சந்தோஷம் எனக்கு. குழம்பை ஊற்றித் தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"கறிக்கோலா. நெசமான கறி."

தட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஓர் உருண்டையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி எதிர் வீட்டுக்குப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செல்விப் பெரியம்மா, இது கறியா வாழைப்பூவா? தின்னு பாத்துச் சொல்லுங்க."

செல்வியக்கா பிட்டு வாயில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். இனியா திரும்பி வந்தாள், தட்டின் முன்னால் உட்கார்ந்தாள், சாப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, "கறிதானாம்மா" என்று எனக்கும் ஒரு வார்த்தை சொன்னாள்.