பத்தாவது நிமிடத்துத் துண்டுச்சீட்டு

அக்டோபர் பிறந்தால் எனக்கும் அண்ணாவுக்கும் சண்டை தொடங்கிவிடும். அண்ணா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எல்லர்ஸ்லி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். கணக்குப் பிரிவு, யாழ்ப்பாணம், என்னைவிட ஒரு பதினைந்து வயது மூத்தவர். நான் மதுரைப் பக்கத்து ஆள், கணினிப் பிரிவு. சண்டை நாட்டைப் பற்றியோ சாம்பாரைப் பற்றியோ இல்லை. அமெரிக்காவின் பேஸ்பால் பற்றி.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. ரக்பியைத் தவிர வேறெதுவும் காதில் விழாத ஊரில் இரண்டு தமிழர்கள் பேஸ்பாலுக்காகத் தொண்டை கிழியக் கத்துவதை அலுவலகமே வேடிக்கை பார்க்கும். அண்ணாவுக்கு இந்த வியாதி டொராண்டோவில் இருக்கும் தம்பியிடமிருந்து வந்தது. எனக்கு அண்ணாவிடமிருந்து. உண்மையில் அவரை எதிர்த்துப் பேசுவதற்காகவே நான் பார்க்கத் தொடங்கினேன். எதிர்த்துப் பேச ஒரு நல்ல ஆள் கிடைப்பது வெளிநாட்டில் அவ்வளவு சுலபமில்லை.

வருடக் கடைசியில் நல்ல அணிகள் மட்டும் மிஞ்சி மோதும் ஆட்டங்கள்தான் எங்களுக்கு முக்கியம். அங்கே இரவு விளக்கொளியில் நடக்கும் ஆட்டம் இங்கே மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேரும். சாப்பாட்டு அறையில் தயிர்சாதத்தோடு பாதி ஆட்டம். மீதியை, திரையின் ஓரத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வேலை செய்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

சண்டை எப்போதும் ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கும். பந்து எறிபவரை எப்போது மாற்றுவது? இந்த ஆட்டத்தில் எறிபவரின் கைதான் எல்லாம். கை களைத்தால் பந்து கூரையேறிப் போகும். அதனால் ஒரு கட்டத்தில் அணியின் மேனேஜர் மைதானத்துக்குள் நடந்து வந்து, எறிபவரின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடுவார். கிரிக்கெட்டில் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப வந்து பந்து போடலாம். இதில் போனவர் போனவர்தான், அன்றைக்கு அவர் கதை முடிந்தது.

அண்ணாவின் கட்சி, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். "ஒரே ஆக்களுக்கு மூண்டாம் தரம் எறியேக்க அவன்ர போக்கை அவங்கள் பிடிச்சிடுவாங்கள், தம்பி. கணக்கு இருக்கு. நல்லாய் எறியிறான் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறவன் மேனேஜர் இல்லை, ரசிகன்."

என் கட்சி, விட்டுவைக்க வேண்டும். "அண்ணா, அவன் முகத்தைப் பாருங்க. இன்னைக்கு அவன் நாள். கணக்கப் பாத்து ஆள எடுக்குறதுக்கு மேனேஜர் எதுக்கு, ஒரு கால்குலேட்டர் போதுமே?"

"மேனேஜருக்கு இரக்கம் கூடாது."

"உங்களுக்கு நெஞ்சே கிடையாது."

எடுத்து, அதனால் தோற்றால் நான் ஒரு வாரத்துக்குத் துள்ளுவேன். எடுக்காமல் தோற்றால் அவர் துள்ளுவார். யாரும் யாரிடமும் தோற்றதாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியின் தீபாவளி விழா இந்த ஆட்டங்களுக்கு நடுவில் வந்தது. மேடைப் பொறுப்பு என் தலையில். கூட்டத்தில் எல்லோரும் சுதாரித்துக் குனிந்துகொண்ட நேரத்தில் நான் மட்டும் நிமிர்ந்திருந்ததுதான் தகுதி. சிறப்புப் பேச்சாளர் அண்ணா. அவருக்கும் அண்ணிக்கும் பள்ளியோடு நீண்ட நாள் உறவு.

விழாவுக்கு முந்தைய வாரம் சாப்பாட்டு அறையில் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்கட சனத்தின்ர வியாதி என்ன எண்டு உமக்குத் தெரியும். மைக்கைக் கண்டா விடமாட்டினம். எனக்குப் பத்து நிமிசம். பத்து முடிஞ்ச உடனை துண்டு குடும். நான் எவ்வளவு நல்லாய்க் கதைச்சுக்கொண்டிருந்தாலும் குடும்."

"நல்லா போயிட்டிருந்தா எப்படிண்ணா எடுக்குறது?"

"அப்பத்தான் எடுக்கவேணும். இவ்வளவு நாளும் நான் உமக்கு என்னத்தைச் சொல்லித் தந்தனான்?"

தமிழ் மேடையில் துண்டுச்சீட்டின் மகிமை எல்லோருக்கும் தெரியும். 'நேரம் ஆகிவிட்டது' என்று எழுதிக் கொடுத்தால், பேச்சாளர் அதைப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இறுதியாக ஒன்று" என்று சொல்லி இன்னும் அரை மணி நேரம் பேசுவார். தானே முன்வந்து சீட்டுக் கேட்ட பேச்சாளரை நான் முதல் முறையாகப் பார்த்தேன். கொள்கை என்று வந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவன்று அவர் நன்றாகத்தான் பேசினார். பள்ளி தொடங்கிய நாளில் ஆசிரியர்களைவிடப் பிள்ளைகள் குறைவாக வந்த கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகளைக் கிண்டல் செய்தார். அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு கொஞ்சம் தொய்ந்தது. சொன்ன கதையையே இன்னொரு பக்கமாகச் சுற்றி வந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

என் கண்ணுக்கு அவர் கை களைத்த எறிபவராகத் தெரிந்தார். திரைக்குப் பின்னால் மயில் வேடம் போட்ட குட்டிப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு மயிலுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது, தோகையோடு போக முடியாது. மண்டபத்தைப் பூட்டுகிறவர் கதவருகில் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் முடிந்திருந்தது.

யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். வருடக்கணக்காக மேனேஜர்களைத் திட்டியவனுக்கு அந்த நடை எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அண்ணா சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன்வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு, "நன்றி, வணக்கம்" என்று சொல்லி மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். துண்டுச்சீட்டுக்கு ஒரு தமிழ்ப் பேச்சாளர் கட்டுப்பட்டதை நேரில் கண்ட கூட்டம் பிரமித்துக் கைதட்டியது. மயில்கள் ஓடி வந்தன.

நான் கர்வமாகத்தான் இருந்தேன், கார் நிறுத்துமிடம் வரும்வரை. அங்கே அண்ணி நின்றிருந்தார். மாம்பழ நிறத்தில் புதுச் சேலை. நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

"நல்லா இருந்துச்சுல்ல அண்ணி, அண்ணா பேச்சு?"

"ஓம் தம்பி. ஆனா முடிக்கேல்லை. கடைசியில என்னைப் பற்றி ஏதோ சொல்லப்போறாராம். அதுக்காக முன்னுக்கு வந்து இருக்கச் சொன்னவர். சீலையும் அவர்தான் எடுத்துத் தந்தவர்." பிறகு சிரித்தார். "பரவாயில்லை. பிள்ளையள் பாவம், எவ்வளவு நேரம்தான் நிக்கிறது."

அவர் சிரித்திருக்க வேண்டாம். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அண்ணியைப் பற்றி எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அண்ணா மறுபடி படித்து, பரீட்சை எழுதி, கணக்காளர் ஆகும்வரை, அண்ணிதான் விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கி வீட்டை ஓட்டினார். அதை என்னிடம் சொன்னவர் அண்ணாதான். பலமுறை சொல்லியிருக்கிறார். அண்ணியிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் கோபமாகவும் இருந்தது. இந்த மனிதர் முக்கியமானதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை அவரைப் பிடித்தேன்.

"சீட்டைப் பாத்ததும் ஒரு நிமிஷம்னு கையக் காட்டியிருக்கலாமே அண்ணா? நான் போயிருப்பேனே!"

"நீர் செய்தது சரி. பத்து எண்டா பத்து." எனக்காக என்னைவிட மும்முரமாக வாதாடினார். "மேனேஜர் வந்து நிக்கேக்க பந்தைக் குடுக்காமல் நிண்டு அடம்பிடிக்கிறவனை நான் மதிக்கமாட்டன்."

"சரி, வீட்டுல சொல்லுங்க. மைக் எதுக்கு?"

"விசர்க் கதை கதையாதையும். முப்பது வருசமாய்ச் சொல்லாததை வீட்டில போய்ச் சொன்னா, டொக்டர் என்ன சொன்னவர் எண்டு கேப்பா."

சபையில் சொல்வதற்காக மனிதர் தைரியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார். அதைச் செலவழிக்கப் போகும் நேரம் பார்த்து நான் போய் நின்றிருக்கிறேன். அந்த வாரம் முழுக்க ஆட்டம் பார்த்தோம், ஆனால் எறிபவரை மாற்றும் கட்டம் வந்தால் இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டோம். அலுவலகத்தில் ஒருவர், உங்களுக்குள் ஏதாவது மனஸ்தாபமா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

இறுதித் தொடரின் ஒரு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டில் பார்த்தோம். அண்ணி சமையலறையில், உள்ளே கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்; முதல் தட்டு எங்கள் முன்னால் வந்திருந்தது. அந்த வாசனைக்கு அடுத்த தெருவிலிருந்துகூட ஆள் வரும்.

ஒரு இளம் பையன் எறிந்துகொண்டிருந்தான். அடிக்க வந்தவர்கள் எல்லாம் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். ஆறாவது சுற்றில் ஒருவன் எப்படியோ தட்டிவிட்டு ஓடினான், அவ்வளவுதான். உடனே மேனேஜர் எழுந்து நடக்கத் தொடங்கினார். அண்ணா தொடையில் தட்டி, "அப்பிடிப் போடு, இதுதான் மேனேஜர்" என்பார் என்று நான் காத்திருந்தேன். பதிலடி தயாராக வைத்திருந்தேன்.

திரையில் அந்தப் பையன் பந்தைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய், பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"விட்டிருக்கலாம்" என்றார் அண்ணா.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருடங்களில் அவர் வாயிலிருந்து வராத சொல். வேறு நாளாக இருந்தால் எழுந்து ஆடியிருப்பேன்.

சமையலறையிலிருந்து அண்ணி கேட்டார். "ஆரை?"

"உந்தப் பெடியனைத்தான்."

அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னையும்தான்" என்றார்.

அடுப்பு அணைந்த சத்தம் கேட்டது. அண்ணி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, சோபாவின் விளிம்பில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். நெற்றியில் கோதுமை மா ஒட்டியிருந்தது.

"இஞ்ச உங்களை ஆரும் மறிக்கமாட்டினம்" என்றார். "சொல்லுங்கோ."

அண்ணா என்னைப் பார்த்தார். காப்பாற்றச் சொல்லும் பார்வை. நான் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினேன். ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து மரத்தளத்துக்குப் போய், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

யார் ஜெயித்தார்கள் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடி வழியாக அவர் வாய் அசைவது தெரிந்தது. முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு நிற்காமல். அண்ணி தலையைக் குனிந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தட்டில் ரோல்ஸ் தீர்ந்தது. குளிர்காற்று அடித்தது. பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் உள்ளே போகவில்லை.