மூன்று இடத்தில் தொட வேண்டிய பைப்பு

நூற்று நாற்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்ற நான், எட்டுக் கிலோ பூசணிக்காயிடம் தோற்றவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் எங்கள் மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், சொல்வதோடு நிற்காமல் நடித்தும் காட்டுவார்கள். அந்தத் தோல்வியின் சாட்சியாக என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நாலரை அடி நீளத்தில் ஒரு பிவிசி பைப்பு சாய்ந்து நிற்கிறது. அதில் மூன்று இடத்தில் மஞ்சள் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பாம்பு அடிக்க வைத்திருப்பதாக நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அது என்னுடையது இல்லை, பிசியோ மேடத்துடையது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வேலைக்குச் சேர்ந்தபோது என் உடம்பைப் பார்த்து ஃபோர்மேன் வைத்த பெயர் 'எட்டு எம்எம்'. நாங்கள் உருட்டுவதிலேயே ஒல்லியான கம்பி அது. அந்தப் பெயர் பொறுக்காமல்தான் புதுவாயலில் டயர் கடைக்கு மேலே தகரக் கூரை போட்டு நடந்த ஜிம்மில் சேர்ந்தேன். பதினோரு வருஷம் இரும்பைத் தூக்கியதில் பெயர் மாறியது. எட்டு எம்எம், 'முப்பத்திரெண்டு' ஆனது. எங்கள் மில்லில் அதற்கு மேல் தடிமன் கிடையாது. சம்பள உயர்வு வந்த நாளைவிட அந்தப் பெயர் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆயுத பூஜையன்று எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. உலையை நிறுத்தி, இயந்திரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும் ஒருவர் திருஷ்டிப் பூசணிக்காயைக் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். உச்சியில் கற்பூரம் எரியும். ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் நின்று சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் மெயின் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் உடைக்க வேண்டும். வெளியே என்பதுதான் முக்கியம். எல்லா இயந்திரத்தின் கண்ணேறும் அந்தக் காயில் ஏறியிருக்கும், உள்ளே உடைந்தால் ஏறியதெல்லாம் உள்ளேயே இறங்கிவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. முப்பத்திரெண்டு என்று பெயர் வந்ததிலிருந்து அந்தப் பூசணிக்காய் என் கையில்தான்.

போன வருஷ ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே எனக்கு இடுப்பில் வலி. யாரிடமும் சொல்லவில்லை. வலி தெரியாமலிருக்க ஸ்ப்ரே அடித்துக்கொண்டேன், பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கினேன், எடையையும் ஐந்து கிலோ கூட்டினேன். இவ்வளவு அறிவாளியான ஒருவன் பூசணிக்காயை ஒழுங்காகவா பிடிப்பான்? குடும்பத்தோடு வந்திருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும், அதை ஒரே உள்ளங்கையில் ஏந்தி, கையைத் தோளுக்கு மேலே நீட்டி, கம்பி வெட்டும் மெஷின் முன்னால் இடுப்பை மட்டும் திருப்பினேன். உள்ளே யாரோ ஸ்பானர் போட்டுத் திருகியதுபோல ஒன்று பிடித்துக்கொண்டது. பூசணிக்காய் மெஷின் காலடியிலேயே விழுந்து சிதறியது. நான் அதன் பக்கத்தில் நாலு காலில் நின்றேன். "பாத்தியா, இன்னா பக்தி, உயுந்து கும்புடுறான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஃபோர்மேன் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு, "உள்ளயே ஒட்ச்சிட்டியேபா" என்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் பூசணிக்காயைத்தான் பார்த்தார்கள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இனிமேல் ஒரு பக்கெட் தண்ணீர்கூடத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மில்லில் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, மற்றவர்களுக்கு வேலை சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். அந்த வருஷம் பார்த்துத்தானா பேரிங்குகள் அத்தனையும் சொல்லி வைத்தாற்போல் போக வேண்டும்? எது நின்றாலும் "பூசணி வேலைய காட்டுது" என்பார்கள். மோட்டார் சூடானாலும் பூசணி, கேன்டீனில் சாம்பார் தீய்ந்தாலும் பூசணி. ஃபோர்மேன் ஒரு நாள், "அடுத்த வருசம் அந்தக் காய்ல நீ கை வெக்காத, எட்டு எம்எம்" என்றார். வாய் தவறித்தான் பழைய பெயர் வந்திருக்கும். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மட்டும் சிரிப்பு வரவில்லை. என்னிடமிருந்து இரும்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அந்த ஒல்லிக் கம்பிதானோ என்ற பயம் பொன்னேரி வரைக்கும் கூடவே வந்தது.

பொன்னேரியில் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது பிசியோ மேடத்தின் கிளினிக். முதுகுவலிக்காரர்களுக்காகச் செங்குத்தான இருபத்திரண்டு படிக்கு மேலே கடை போட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இதை அவரிடமே சொன்னேன். சிரிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படிப் புடிச்சிக்கிச்சு?" என்றார்.

"பூசணிக்கா, மேடம்."

அதையும் எழுதினார். "அதுக்கு முன்னாடி எத்தினி நாளா வலி?"

டாக்டர்கூடக் கேட்காத கேள்வி அது. "மூணு வாரம்" என்றேன்.

"அப்ப பூசணிக்கா மேல பழி போடாதீங்க."

மறுபடியும் வெயிட் தூக்க முடியுமா என்று கேட்டேன். எப்படியாவது சாதாரணமாகக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் ஒத்திகை பார்த்திருந்தும், கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "தூக்கலாம். மொதல்ல குனியக் கத்துக்கோங்க." பதினோரு வருஷ ஜிம் ஆளிடம் சொல்கிற வார்த்தையா இது? நான் சிரித்தேன். அவர் மூலையிலிருந்து அந்தப் பைப்பை எடுத்து என் முதுகோடு சேர்த்து வைத்தார். பின்னந்தலை ஒன்று, தோள்பட்டைக்கு நடுவே ஒன்று, இடுப்பு முடிகிற எலும்பில் ஒன்று, மூன்று இடத்தில் பைப்பு தொட வேண்டும். குனியும்போதும் மூன்றும் விலகக் கூடாது. குனிந்தேன். இரண்டு இடம் விலகிவிட்டது. இன்னொரு தரம் குனிந்தேன். பைப்பே கீழே விழுந்தது. பிறகு முட்டியைத் தளர்த்தி, இடுப்பை மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியக் காட்டிக் கொடுத்தார். நடக்கப் பழகும் குழந்தையைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

பைப்பை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது ஒரு நிபந்தனை போட்டார். "இது என்னோடது. நான் கேக்கச் சொல்லோ கொண்டாந்து குடுத்தா போதும். அதுவரைக்கும் கொண்டாராதீங்க."

பிவிசி பைப்போடு பஸ்ஸில் வருகிறவனைப் பார்த்துப் பிளம்பர் என்று நினைத்து இரண்டு பேர் போன் நம்பர் கேட்டார்கள். வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் அதை முதுகில் வைத்து நின்றால், மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, கொடிக்கம்பம் மாரி நிக்கிற? கொடி ஏத்தட்டுமா?" என்பாள். காலையில் இருபது, மாலையில் இருபது. கூடவே மல்லாந்து படுத்து வயிற்றால் மூச்சு விடுவது, பத்து நிமிஷம் நடப்பது. அப்புறம் காலிக் குடம், பாதிக் குடம். நான் பாதிக் குடம் தூக்கிய அன்று மனைவி கைதட்டினாள். கிண்டலுக்குத்தான் தட்டினாள். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

எப்படியாவது ஒரு தரம் மேடத்தைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வாரா வாரம் ஒரு ஜோக்கோடு படியேறுவேன். அவர் "மூச்ச விடுங்க" என்பார், ஜோக் முடிந்துவிடும். ஒரு தரம் மட்டும் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். அவருடைய நைனா வலை இழுத்து இழுத்தே நாற்பது வயதில் இடுப்பு போய்ப் படகை விட்டவராம். எனக்கு மனசு இளகிவிட்டது. "அதனாலதான் இந்தப் படிப்பு எடுத்தீங்களா, மேடம்?" என்று கேட்டேன். "இல்ல. மார்க்குக்கு இதான் கெட்ச்சிது" என்றார்.

மூன்றாவது மாதம் வலி குறைந்ததும் எனக்குப் பழைய புத்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிம்முக்குப் போனேன். பார்க்க மட்டும்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், போன வாரத்தைவிட நன்றாக இருக்கிறது என்று கம்பீரமாகச் சொன்னேன்.

"ஜிம்முக்குப் போனீங்களா?"

"இல்ல, மேடம்."

"எவ்ளோ தூக்கினீங்க?"

"எம்பது."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். வாசலைக் காட்டினார். மற்ற நாளெல்லாம் குனிந்து செருப்பின் வாரை அவிழ்ப்பேனாம். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு, காலால் காலை மிதித்து உதறினேனாம். வருகிறவர்கள் வாயால் சொல்வதைவிட அந்த வாசலில் செருப்பு கழற்றுவதைத்தான் அவர் நம்புவார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, மல்லாந்து படுத்து மூச்சு விடுவது என்று முதல் வரி எழுதினார்.

"மேடம், இது மொத நாள் செஞ்சது."

"ஆமா."

"மூணு மாசம் ஆயிடுச்சு, மேடம்."

"உங்களுக்கு ஆவல."

அன்று இருபத்திரண்டு படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு நடந்தார். ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லாமல் போன நாள் வாழ்க்கையில் அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வீட்டுக்குப் போய், பாயை விரித்து மல்லாந்து படுத்து, முதல் நாள் மூச்சை விட்டேன். அதற்கப்புறம் அவர் எழுதியதற்கு மேல் ஒரு கிலோவைத் தொடவில்லை. நூற்று நாற்பது கிலோ தூக்கியதைவிட இதைச் சொல்லும்போதுதான் என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது.

பைப்பை மில்லுக்கும் எடுத்துப் போக ஆரம்பித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் பின்புறம் நின்று குனிவேன். முதல் வாரம் சுற்றி நின்று சிரித்தார்கள். இரண்டாவது வாரம், லோடிங்கில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து, "எனக்கும் காலைல எய்ந்துக்க முடியல, அத்த இப்படிக் குடு" என்றார். அப்புறம் இன்னொருவர். இருப்பது ஒரே பைப்பு, அதனால் மற்றவர்கள் துடைப்பக் கட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் பன்னிரண்டு பேர் வரிசையாக முதுகில் கட்டையோடு நின்று குனிந்துகொண்டிருந்தோம். கேன்டீன்காரர் தன் துடைப்பங்களைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த ஃபோர்மேன் சிறிது நேரம் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னாபா, எனுக்கு ஒண்ணு இருக்குதா?" என்றார். அவர் முதுகில் பைப்பு ஓரிடத்தில்தான் தொட்டது. தொப்பை குறுக்கே நின்று அவரைக் குனிய விடவில்லை. இந்தச் சங்கதியை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் மேடத்துக்குத் திருவள்ளூர் பக்கம் வேலை கிடைத்து, பொன்னேரி கிளினிக்கை மூடினார். கடைசி நாள் பைப்பைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "கேட்டனா?" என்றார். அவ்வளவுதான் விடைபெறல். இப்போது அந்த அறையில் செல்போன் பழுது பார்க்கிறார்கள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் வந்து இறங்கியது. போன வருஷத்தைவிடப் பெரிது. குங்குமம் தடவி, கற்பூரம் வைத்து, யார் எடுப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பின்வரிசையில் இருந்தேன். முன்னால் போக ஆசை, கால் வரவில்லை. ஃபோர்மேன் திரும்பிப் பார்க்காமலே, "முப்பத்திரெண்டு எங்கபா? வந்து தூக்கச் சொல்லு. சர்க்கஸ் காட்டினா நடக்கறதே வேற" என்றார். முட்டியைத் தளர்த்தி, இடுப்பை மடக்கி, மூன்று இடமும் தொடுகிற மாதிரி குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்பது மேடத்தின் பாடம். உச்சியில் கற்பூரம் எரிகிறதே என்பதை மேடமும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மீசையில் ஒரு பக்கம் கருகியது. ஆனால் முதுகு நிமிர்ந்தே இருந்தது. அத்தனை இயந்திரத்துக்கும் சுற்றிக் காட்டினேன். கம்பி வெட்டும் மெஷினுக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டாக. திரும்பும்போதெல்லாம் காலோடு சேர்ந்து திரும்பினேன். கேட்டுக்கு வெளியே அது சிதறியபோது மில்லே கைதட்டியது. இந்தத் தடவை கிண்டல் இல்லை.

அடுத்த ஞாயிறு, மனைவி முதன்முதலாக ஜிம்முக்கு வந்தாள். நூற்று நாற்பது கிலோ. தரையை விட்டு எழும்பியது, நான் நிமிர்ந்தேன், மறுபடி சத்தமில்லாமல் இறங்கியது. அவள் வீடியோ எடுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததில் பாதி நேரம் கூரைத் தகரம்தான் தெரிந்தது. "நீ தூக்கினதுக்கு எனுக்கு இடுப்பு வலிக்குது" என்றாள்.

அன்று சாயந்தரம் கதவுக்குப் பின்னாலிருந்து பைப்பை எடுத்துத் துடைத்தேன். நடு டேப் என் வியர்வையில் நிறம் போயிருந்தது. எனக்கு முன்னால் இதை முதுகில் வைத்து நின்றவர்கள் எத்தனை பேரோ. பூசணி வீடியோ, ஜிம் வீடியோ இரண்டையும் மேடத்துக்கு அனுப்பினேன். கீழே, நன்றி என்று தொடங்கி, பன்னிரண்டு பேர் குனிகிற கதை, கருகிய மீசை, உரக்கடைப் படியில் உட்கார்ந்தது என்று எல்லாவற்றையும் எழுதி, நடுவே மூன்று ஜோக்கும் சேர்த்தேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு வந்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

"பைப்ப எடுத்துக்கினு வாங்க, வேற ஒருத்தருக்கு வேணும்."