மேஜரின் வாயில் அடித்த நெய் வாசம்

மேஜரின் வாயில் நெய் மணத்தது. நெய் மட்டும் என்றால்கூட அம்மா எதையாவது வழித்துப் போட்டிருப்பாள் என்று விட்டிருப்பேன். கூடவே இட்லிப்பொடியின் வாசமும், அதில் எள்ளும் பெருங்காயமும் தனித்தனியாகத் தெரியும்படி அடித்தது. நான் அவனுக்கு வைத்திருந்ததோ மோர் ஊற்றிப் பிசைந்த சோறு. பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல், சாரலில் நனைந்துகிடந்த புறவாசல் மாமரத்தடியில் குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிரித்து, மூக்கை உள்ளே விடாத குறையாக முகர்ந்துகொண்டிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு, வெளியூர் போய்வந்த புருஷனின் சட்டையை மோந்து பார்க்கும் பெண்டாட்டியின் மனசு எப்படி இருக்கும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மேஜர் ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. அந்த இன நாய்க்கு அழகே இடுப்புதான். நெஞ்சு அகன்று, வயிறு உள்வாங்கி, பக்கவாட்டில் பார்த்தால் இது சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ என்று பார்க்கிறவர்கள் பரிதாபப்பட வேண்டும், அதுதான் லட்சணம். ராணுவத்தில் சேர்ந்த புதிதில் விடுப்பில் வந்த என் அண்ணன், வாசுதேவநல்லூரில் ஒரு சிநேகிதன் வீட்டிலிருந்து அவனைக் குட்டியாகத் தூக்கிக்கொண்டு இலஞ்சிக்கு வந்து, நேராக என் மடியில் போட்டான். "ஏட்டி, இவன் ஒன் பொறுப்பு. ஒரே கைதான் இவனுக்குச் சோறு வைக்கணும். கண்டவன் கைல தின்னு பழகுனா காவலுக்கு ஆக மாட்டான், கேட்டியா?" என்றான். அப்பா போலீஸ் வேலையில் எங்கெங்கோ மாற்றலாகி மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிறவர், அம்மாவுக்கு வயலும் தென்னந்தோப்பும் சரியாக இருக்கும், அண்ணனோ எல்லையில். ஆக, அந்த வீட்டில் என்னை நம்பி வயிறு வளர்த்த ஒரே ஜீவன் மேஜர்தான். தபால்காரர் நீட்டிய பிஸ்கட்டை அவன் முகர்ந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட கதையை நான் வகுப்பில் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. "அடுத்த ஆள் கையால தண்ணிகூடக் குடிக்க மாட்டான்" என்று சொல்லும்போது எனக்கே ஓர் அங்குலம் உயர்ந்த மாதிரி இருக்கும்.

அந்த வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம். பெண்ணும் வாசுதேவநல்லூர்தான். நாய்க்குட்டி எடுக்கப் போன தெருவில் பெண்ணையும் பார்த்துவைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று அப்பா கேலி செய்தார். எனக்கு அந்தக் கேலி ரசிக்கவில்லை. மதினியாக வந்தவளை எங்கள் பக்கத்து வழக்கப்படி "மைனி" என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் சில நாள் எப்படியும் கூப்பிடாமல் சமாளித்தேன். முன்பெல்லாம் அண்ணன் விடுப்பில் வந்தால் என்னைத்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போவான். இப்போது அவர்கள் இருவரும் கிளம்ப, நானும் வருவேன் என்று அழுது, பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். மெயின் அருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதால் அவனை விட்டு அவளோடு நிற்க வேண்டியதாயிற்று. விழுகிற தண்ணீருக்குப் பயந்து அவள் என் கையை இறுகப் பிடித்தாள். நான் உதறிவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டேன். சீசன் சூடுபிடிக்கும் ஆனி மாதத்தில் அண்ணன் வேலைக்குத் திரும்பினான். ரயிலடியில் அவன் கடைசியாகக் கையசைத்தது எனக்கா அவளுக்கா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

மதினியை நாய்க்குப் பக்கத்தில் அம்மா விடவே இல்லை. "புது ஆளு, கிட்டப் போகாத தாயி, கடிச்சு வச்சிருவான்" என்று முதல் நாளே எச்சரித்திருந்தாள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பரம திருப்தி. அண்ணனில் பாதி போனாலும் நாய் முழுசாக என்னிடம் இருந்தது.

அந்த முழுசும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருக்கத் தொடங்கியது. முதலில் இடுப்பு காணாமல் போனது. பிறகு கழுத்துப் பட்டையில் புதுத் துளை போட வேண்டிவந்தது. ஒரே பாய்ச்சலில் தாண்டுகிற வாய்க்காலின் முன்னால் நின்று, என்னைத் தூக்கிவிடேன் என்கிற மாதிரி பார்த்தான். மாதாந்திர வருகையாக வந்த அப்பா அவனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எங்க டிப்பார்ட்மெண்ட்ல இருக்க வேண்டிய ஆளு. தப்பா ராணுவப் பேரு வச்சிட்டோம்" என்றார். தெருவில் போகிற பையன்கள், "ஏலே, அந்த வீட்டுல கன்னுக்குட்டி கொரைக்குலே" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அம்மா திருஷ்டி என்று முடிவுகட்டி மிளகாய் சுற்றிப் போட்டாள். மேஜர் நெடுநேரம் தும்மினானே தவிர இளைக்கவில்லை. நான் அவன் சாப்பிடும் வட்டிலில் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். குறைக்கக் குறைக்க அவன் பெருத்தான். அதைவிட மோசம், குறைந்த சோற்றையும் அவன் அவசரமில்லாமல், எனக்காகச் சாப்பிடுகிறவன் மாதிரி சாப்பிட்டான்.

ஆட்டோ பிடித்துத் தென்காசியில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். நாயை எடைபோட அங்கே வசதியில்லை. நாங்கள் வந்த வழியில் இருந்த அரிசி ஆலையில், நெல் மூடை நிறுக்கும் தராசில் அவனை ஏற்றி நிறுத்துக்கொண்டு வரச்சொன்னார். ஆலையில் வேலைசெய்த அண்ணாச்சி, "உமியா, அரிசியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத் தராசோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் மேஜரின் விலாவை விரல்களால் தடவிப் பார்த்தார். என் கையை எடுத்து அங்கே வைத்து, "எலும்பு தட்டுப்படுதா பாரு. தடவினா எண்ணுற மாதிரி தெரியணும், மேலேயிருந்து பார்த்தா இடுப்பு தெரியணும். இப்படியே விட்டா பின்னங்கால் தாங்காது, நெஞ்சும் தாங்காது. சீக்கிரம் போயிடுவான்" என்றார். பிறகு, "வேற யார் சாப்பாடு போடுறாங்க?" என்று கேட்டார்.

"யாருமே போடலை. இவன் எங்கையால மட்டும்தான் திம்பான்" என்றேன். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

டாக்டர் சிரித்தார். "நீ ஒருத்தி போடுற சோத்துக்கு இந்த உடம்பு வராது பாப்பா. வீட்டுல எல்லாரையும் கேளு. இல்லேன்னா நாய் வாயை மோந்து பாரு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் மறுநாளிலிருந்தே அதைத் தொடங்கிவிட்டேன். காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருநாள் நெய்யும் பொடியும், ஒருநாள் அவியல், ஒருநாள் சந்தேகத்துக்கிடமில்லாமல் மீன் குழம்பு. எல்லாம் எங்கள் அடுப்பங்கரை வாசம். அம்மாவைக் கேட்டால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. யாரோ ஒருத்தியின் கையில் என் நாய் தின்கிறான். தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என்முன் வாலாட்டுகிறான். சோறு திருடு போகிறது என்ற கோபம் எனக்கு ஒருநாளும் வரவில்லை. மேஜர் செத்துப்போவான் என்ற பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கும் மேலே, அவனை இன்னொரு கை தொட்டு ஊட்டுகிறது என்ற நினைப்பில்தான் வயிறு எரிந்தது.

சாரலோடு காற்றும் வலுத்து, பள்ளிக்கூடக் கூரையில் ஓடுகள் பறந்ததால், மத்தியானமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஒருநாள், தோப்பு வழியாகக் குறுக்கே புகுந்து புறவாசலுக்கு வந்தேன். மாமரத்தடியில் மதினி குந்தியிருந்தாள். அவள் மடியருகே அவளுக்கென்று அம்மா குவித்துவைத்த சோற்றுத் தட்டு, வாய் வைக்கப்படாமல். சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து உள்ளங்கையில் வைத்து நீட்ட, மேஜர் பல் படாமல், பதவிசாக எடுத்துத் தின்றான். என்னிடம் ஒருநாளும் அவன் அப்படிப் பதவிசாகத் தின்றதில்லை. "ஒங்க ஆளு இந்த வாரமாவது போன்ல பேசுவாவளாடே?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் காதை மடக்கிக் கேட்டான். கடிக்கக் கூடாதா, ஒரு கடி, லேசாகவாவது, என்று நான் மனசார வேண்டிக்கொண்டேன்.

"அம்மா! மைனிதான் மேஜருக்குச் சோறு போடுதாவ! நான் பாத்துட்டேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அம்மா ஓடிவந்தாள். திருடனைப் பிடித்துக்கொடுத்த கம்பீரத்தோடு நான் நின்றேன். ஆனால் அம்மா நாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பதறி எழுந்த மதினியின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் இருந்த கல்யாண வளையல் சரசரவென்று முழங்கைவரை இறங்கியது.

"என்னம்மா இது, வளையலு கைல நிக்கலையே" என்றாள் அம்மா.

"சோறு எறங்க மாட்டேங்குது அத்தை. நீங்க ஆசையா வைக்கீய, வேண்டாம்னு சொல்ல வாய் வரல" என்று சொல்லிவிட்டு மதினி அழுதாள்.

எங்கள் வீட்டில் அந்த ஒன்றரை மாதமும் நாய் பெருத்ததைப் பார்க்காத ஆள் கிடையாது. அப்பா பார்த்தார், தெரு பார்த்தது, அரிசி ஆலையில் தராசு வைத்தே பார்த்தார்கள். ஒருத்தி இளைத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. "என் மகன் வந்து, எம்பொண்டாட்டியை இப்படியாம்மா வச்சிருந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்னு நெனச்சு நெனச்சுக் குவிச்சேனே, ஒனக்கு என்ன வேணும்னு ஒருநா கேக்கலியே" என்று அம்மாவும் சேர்ந்து அழுதாள். மதினி கேட்டது வெறும் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கை அளவுக்கு மேல் வைக்காமல், பேசிக்கொண்டே அவளைச் சாப்பிடவைத்தாள். துப்புத் துலக்கிய எனக்கு அன்று மத்தியானச் சோறு போட யாருக்கும் நினைவு வரவில்லை.

போகட்டும், நாயாவது திரும்பக் கிடைத்தானே என்று தேற்றிக்கொண்டேன். இனி மதினி ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது என்பது விஷயத்தைக் கேட்ட டாக்டரின் உத்தரவு. அதை நானே நாலு தரம் அவளிடம் போய்ச் சொன்னேன். சோற்றைப் பாதியாக்கி, அவித்த பூசணிக்காயும் ஒரு முட்டையும் சேர்த்து, அளந்துதான் வைத்தேன். காலையில் முருகன் கோயில்வரை நடத்திக் கூட்டிப்போனேன். அவன் உட்கார்ந்துவிட்டால் கெஞ்சி, மிரட்டி, இழுத்துக்கொண்டு போனேன். ஐப்பசி பிறப்பதற்குள் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. தொலைந்த இடுப்பு திரும்ப வந்தது. வாய்க்காலை ஒரே பாய்ச்சலில் தாண்டினான். டாக்டர் என்னைத் தட்டிக்கொடுத்தார், அப்பா தாணாக்காரருக்கே உரிய போலீஸ் சல்யூட் ஒன்று வைத்தார்.

ஆனால் நான் வைத்ததைத் தின்று, வட்டிலை நக்கித் துடைத்த கையோடு, மேஜர் நேரே நடந்துபோய் மதினியின் அறை வாசலில் படுத்துக்கொள்வான். முதல் நாள் பாய்ந்துபோய், "கையக் காட்டுங்க மைனி" என்றேன். விரித்துக் காட்டினாள். முகர்ந்தேன். சோப்பு வாசம்தான். அடுத்த நாளும் சோப்புதான். அவன் வாயிலும் நான் போட்ட பூசணிக்காயைத் தவிர வேறில்லை. சோற்றுக்காக அவளிடம் போயிருந்தான் என்றால் எனக்கு ஆறியிருக்கும். அவனைப் பட்டினி போட்டு மீட்டிருப்பேன். ஒன்றுமே கொடுக்காதவளின் வாசலில் போய்ப் படுக்கிறவனை எதைக் குறைத்து மீட்பது? தை மாதம் விடுப்பில் வந்த அண்ணனும் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்ததும் என்னிடம் கேட்டது, "மைனி எங்கட்டி?"

இப்போது நான் தென்காசியில் இருக்கிறேன். மேஜர் ஆயுசு முடிந்துதான் போனான், மதினியின் வாசலில். அரிசி ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. எங்கள் இலஞ்சித் தெருவில் ராஜபாளையம் நாயைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. என் வீட்டில் இருப்பது லட்டு என்று என் மகள் பெயர் வைத்த லாப்ரடார், பெயருக்கேற்ற உருவம். கிளினிக்கில் அதை எடைபோடத் தனி மிஷினே இருக்கிறது. உடம்பு குறைக்கவென்று விற்கும் தீனியைப் பாக்கெட்டோடு வந்த கப்பில் தலைதட்டி அளந்து, நான் மட்டும்தான் வைக்கிறேன். விலாவைத் தடவிப் பார்ப்பதும் நான்தான்.

போன சீசனுக்கு அண்ணனும் மதினியும் வந்தார்கள். மதினிக்கு இப்போது சர்க்கரை. அவள் சாப்பாட்டையும் ஒரு டாக்டர் அளந்துவிட்டார். வளையல் மணிக்கட்டில் இறுகிக் கிடக்கிறது. அவள் சோபாவில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் லட்டு என் காலடியிலிருந்து எழுந்து, உடம்பை அசைத்து அசைத்து நடந்துபோய், அவள் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்துவிட்டது.

"கையக் காட்டுங்க மைனி" என்றேன்.

அவள் சிரித்தபடி இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள். "ஏட்டி, இன்னுமா ஒனக்கு அது தீரல?"

"அதெல்லாம் எப்பவோ தீந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து, லட்டுவின் தாடையைப் பிரித்து முகர்ந்தேன். காலையில் நான் அளந்து போட்ட தீனியின் வாசம் மட்டும்தான் அடித்தது.