கிடாரம் போன ஞாயிறு

அப்பா செத்து மூண்டாம் கிழமை, வெம்பிளியில அவர் சாமான் போட்டு வைச்சிருந்த ஸ்டோரேஜில இருந்து போன் வந்தது. அங்க அறை எடுத்த ஆக்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கில வேண்டாத சாமானை விக்கலாமாம். மேசை அவையே தருவினமாம்.

அம்மாட்டச் சொன்னன். எல்லாத்தையும் குடு, தனக்கு அதுகளைப் பாக்கேலாது எண்டா. எனக்கும் ஏலாதுதான். வாடகை கட்டி அந்த அறையை வைச்சிருக்கவும் வழியில்லை.

அப்பா கடைகளுக்குச் சாமான் இறக்கிற வேலை. மிச்ச நேரத்தில சமையல் பாத்திரம் வாடகைக்குக் குடுத்தவர். பிரான்சில இருந்து வரேக்குள்ளயே ரெண்டு கிடாரத்தைச் சாமான் வானில ஏத்திக்கொண்டு வந்தவர். ஒரு ஆள் குந்தியிருக்கிற அளவு பித்தளைக் கிடாரம். என்னை அதுக்குள்ள இருத்தித்தான் கொண்டு வந்தது எண்டு எல்லாருக்கும் சொல்லுவார். பொய். நான் முன் சீற்றில இருந்து பைக்குள்ள சத்தி எடுத்துக்கொண்டு வந்தனான். இடம் மாறி மாறிப் பள்ளிக்கூடமும் ஒழுங்காப் போகேல்ல. அவரோட வானில திரிஞ்சதுதான் கூட.

கலியாண வீட்டுக்குக் காசு வாங்குவார். செத்த வீட்டுக்கு வாங்க மாட்டார். ஆரும் செத்தால் ஐயருக்குப் போன் அடிக்க முதல் அப்பாவுக்குத்தான் அடிப்பினம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடியுமட்டும் கிடாரம் அந்த வீட்டிலதான் நிக்கும். மண்டபங்களில மாறிப் போகக் கூடாது எண்டு என்ர சிவப்பு நகப்பூச்சால அடியில ஒரு கோடு கீறி வைச்சவர். அதுக்கு நான் அவரோட கோவிச்சுக்கொண்டும் இருந்தனான்.

விக்கப் போன ஞாயிறு ஒரே காத்து. பக்கத்து மேசையில ஒரு புருசனும் பெண்சாதியும் பிள்ளைக் கட்டில் வித்தவை. அகப்பை, தட்டு, கதிரை எல்லாம் போச்சுது. கிடாரத்தை ஒருத்தரும் பாக்கேல்ல. பின்னேரம் ஒரு வெள்ளைக்காரி வந்து தட்டித் தட்டிப் பாத்தா. இதில என்ன செய்யிறனீங்கள் எண்டு கேட்டா. சோறு எண்டன். எத்தினை பேருக்கு எண்டா. எனக்குச் சொல்ல வந்தது "எல்லாருக்கும்" எண்டு மட்டும்தான். அவ சிரிச்சா. வீட்டில ஒரு லெமன், எங்கட தேசி மரம், நிக்குதாம், தொட்டி சின்னனாப் போச்சாம், அதை இதுக்குள்ள மாத்தி வைக்கலாம் எண்டா. ரெண்டையும் எடுத்தா. காரில ஏத்த நானே ஒரு பக்கம் பிடிச்சுக் குடுத்தன். அறை காலியாப் போச்சு எண்டு மனசுக்கு லேசாக்கூட இருந்தது.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பிளேஸ்டோவில இருந்து மாமா வந்தார். சொந்த மாமா இல்லை. அப்பா கிடாரத்தின்ர ஒரு காதைப் பிடிச்சால் மற்றக் காதைப் பிடிச்சுத் தூக்கிற ஆள். தன்ர நீட்டு அகப்பையோட வாசலில நிண்டார்.

"பிள்ளை, ஸ்டோரேஜ் பூட்டுத் திறப்பைத் தா. கிடாரத்தை எடுத்து வந்து கழுவி வைப்பம்."

அம்மா என்னைப் பாத்தா. சத்தியமா எங்கள் ரெண்டு பேருக்கும் அதுவரைக்கும் அது தட்டுப்படேல்ல. செத்த வீட்டுக்குக் கிடாரம் வேணும் எண்டு நினைக்கிறது அப்பான்ர வேலை. எங்கட வேலையா அது ஒரு நாளும் இருக்கேல்ல.

"வித்துப் போட்டன் மாமா."

அவர் என்னை ஏசேல்ல. ஏசியிருக்கலாம். அகப்பையைச் சுவரில சாத்திப்போட்டுச் சப்பாத்தைக் கழட்டினார்.

வேற ஆக்களிட்டக் கேட்டுப் பாத்தம். எல்லாரின்ர பாத்திரமும் கொண்டாட்டங்களுக்கு வாடகைக்குப் போயிட்டுதாம். கடைசியில ஹரோவில ஒரு கடையில சாப்பாட்டுக்குச் சொன்னம். சோறு, பருப்பு, பூசணிக்காய், எல்லாம் வெள்ளித்தாள் தட்டுகளில மட்டை மூடி போட்டு வந்தது. வந்த சனம் எல்லாம் எப்பவோ ஒருக்கா அப்பான்ர கிடாரத்தில சாப்பிட்ட சனம். நல்ல சாப்பாடு எண்டுதான் சொல்லிச்சினம். கிடாரம் எங்க எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அப்பான்ர பேரில குடுத்த சோறு ஆறிப்போய் இருந்தது.

மாமா குசினியில கிளற ஒண்டும் இல்லாமல் நிண்டார். சனம் போனாப் பிறகு மெல்லக் கேட்டார்.

"வாங்கின ஆக்கள் சமைக்கிற ஆக்களோ பிள்ளை?"

"ஓம் மாமா. பெரிய குடும்பம்."

"பித்தளையைக் கம்பித் தும்பு போட்டு உரஞ்ச வேண்டாம் எண்டு சொன்னனியோ? தேசிக்காயாலதான் உரஞ்சோணும்."

சொன்னனான் எண்டன். அவை வீட்டில தேசி மரமே நிக்குதாம் மாமா எண்டன்.