ஆட்டுத்தோலைப் படித்த தோஸ்த்

தேட வேண்டிய சொல்லைத் தட்டிவிட்டு, சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றுவாள் சைரா. அவள் திரும்பி வருவதற்குள் திரையில் பதில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால், "இன்னா தோஸ்த், டீ குடிக்கப் போய்ட்டியா?" என்று மேசையில் ஒரு தட்டு.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் சாம்பிள் அறையில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. தோஸ்த் என்று அவள் பெயர் வைத்திருப்பது, கணினிக்குள் எங்கே எது கிடந்தாலும் தேடி எடுத்துத் தரும் ஓர் இலவச மென்பொருளுக்கு. அதன் உள்வேலையை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம். இப்படி ஒரு பொருளை சைராவின் கையில் கொடுத்தால் அவள் சும்மா இருப்பாளா? வாரம் ஒரு முறையாவது பிரித்துப் போட்டுவிடுவாள்.

மேனேஜர் கோதண்டபாணிக்கு ஓசியில் வருகிற எதன்மீதும் நம்பிக்கை கிடையாது. பழைய சாம்பிள் ஷூக்களின் விவரத் தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து உள்ளே போட்ட நாள் முதல் தோஸ்த் முனகிக்கொண்டே கிடந்தது. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு. "ஏம்மா, வெள்ளிக்கிழமை நம்ம ஷூவ வாங்குற பையர் போன் லைன்ல வர்றாரு. அதுக்குள்ள சரியாவலன்னா இத்த தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் சைரா பேசாமல் சாப்பிட்டாள். தோல் வெட்டும் ஜீவா பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சாம்பிள் அறையே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஓடிப்போய்ப் பார்த்தால், சைரா நாற்காலியில் மடங்கிக் கிடக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

"ஜீவாக்கா! இது தோலப் படிச்சிக்கினு இருந்துச்சுக்கா!"

சங்கதி இதுதான். அந்த அறையில் ஒவ்வொரு சாம்பிள் தாளிலும் அந்த ஷூவின் தோலில் ஒரு துண்டு வெட்டி ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார்கள், அடுத்த முறை செய்யும்போது நிறம் மாறக்கூடாதல்லவா. ஸ்கேன் செய்ததும் துண்டோடு சேர்த்துத்தான். படத்தில் எழுத்து இருந்தால் அதையும் வாசித்து வைப்பது தோஸ்த்தின் வழக்கம். ஆட்டுத்தோலின் சுருக்கத்தையும் மயிர்க்கால் புள்ளிகளையும் அது எழுத்து என்றே நம்பி, விடாமல் வாசித்திருக்கிறது. அந்தக் குப்பைக்குள்தான் கேட்ட சொல்லெல்லாம் தொலைந்துபோயிருக்கிறது. பக்கம் பக்கமாக வந்திருந்த அந்த உளறலை சைரா மேடைப் பேச்சு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினாள். "லல்வ்வ் இய்ய்ய் வ்வ்வ்! ஆடு இன்னாமோ கம்ப்ளெய்ன்ட் பண்ணுதுக்கா. ரொம்ப பேஜார்ல இருக்குது போல."

சிரித்து முடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். வாசித்ததில் உருப்படியான சொல்லே இல்லாத பகுதியைத் தோஸ்த் தானாகவே விட்டுவிடும்படி சில வரிகள் எழுதி, அதை உருவாக்கியவர்களுக்கும் அனுப்பிவைத்தாள். எங்கோ குளிர் தேசத்திலிருந்து அவர்களில் ஒருவர், 'ஸ்கேனரில் தோலை வைப்பானேன்?' என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். சோதித்துப் பார்க்க மாதிரிப் படமும் வேண்டுமாம். பையருக்கான சாம்பிள் தோலை வெளியே அனுப்ப முடியாது. சைரா தன் தோல் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சாக்லேட் தாள், சீப்பு, சேஃப்டி பின் எல்லாம் மேசையில் உருள, வெறும் பையை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினாள். சந்தோஷம் வந்துவிட்டால் அவளுக்குக் கண்மண் தெரியாது.

வெள்ளிக்கிழமை பையர் கேட்டது ஏதோ பழைய பழுப்பு நிறச் செருப்பின் தாள். கோதண்டபாணி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். சைரா தட்டினாள். அவள் கையை எடுப்பதற்குள் தாள் வந்து நின்றது, ஒன்றே ஒன்று, அதேதான். பையர் பேசி முடித்ததும், "பாத்தீங்களா சார்! பாத்தீங்களா!" என்று அவள் குதித்த குதியில் ஜீவாவின் கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

அன்று சாயங்காலமே பதிலும் வந்துவிட்டது. அவளுடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்களாம். இனி உலகத்தில் யார் அந்த மென்பொருளை இறக்கினாலும் அந்த வரிகளும் சேர்ந்தே போகும். வேறு வகைத் தோலும் கிடைத்தால் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதை நிதானமாகப் படித்தார் கோதண்டபாணி. தோஸ்த்தை எடுக்கச் சொல்வாரா, இருக்கட்டும் என்பாரா? சைரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் மணிக்கட்டிலிருந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி, வாரை நீவி நேராக்கி, ஸ்கேனரின் மூடியைத் தானே தூக்கிப் பிடித்தார்.

"மாட்டுத்தோலும்மா. வைய்யி."