எபினேசர் விடாத காலி வரி

செய்தி வந்தபோது ஊத்துக்கோட்டை பஸ் நிலையக் கடையில் நான் எட்டாவது இட்லியில் இருந்தேன். ஊரே தீப்பிடித்தாலும் ஒன்பதாவதைக் கேட்கிற ஆள். அன்று கையைக் கழுவிவிட்டேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பதினோரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்த எபினேசர் மாரடைப்பில் போய்விட்டார்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். நம் தொழிற்சாலையின் இயந்திரக் குறிப்புகள் எல்லாம் அவர் அடித்தவை. வெறும் எழுத்தாகத்தான் கம்ப்யூட்டர் கோப்பில் அடிப்பார். ஒரு பட்டனைத் தட்டினால் அது படமும் இணைப்பும் கொண்ட பக்கமாக மாறி எல்லார் செல்போனிலும் திறக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு வரி எழுதுவார்: அகலம் இவ்வளவு, படம் வராவிட்டால் இந்தச் சொற்களைக் காட்டு. இணைப்புக்கும் அப்படியே: தொட்டால் புதுப் பக்கத்தில் திற. அந்த வரிகளை அவர் காத்த மாதிரி பல்லவர்கள்கூடத் தொண்டை மண்டலத்தைக் காத்ததில்லை.

"படந்தான் தெரியுதே நைனா, அதுக்கு மேல இன்னாத்துக்கு ஒரு வரி?" என்பேன்.

"உன் போன்ல தெரியுது மாமா. ஒடஞ்ச போன் வச்சினுகிறவனுக்கு?" என்பார். தொழிற்சாலை முழுக்க நான் மாமாதான்.

போன வருடம் அவர் டீக்குப் போயிருந்தபோது, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த அவர் கோப்பைத் திறந்தேன். வரிகள் ஷேர் ஆட்டோ மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பிரஸ் மெஷின் படத்துக்கும் அதன் மேல் வரிக்கும் நடுவில் ஒரு காலி வரி விட்டேன். படத்தை ஒட்டி இருந்தால்தான் அந்த வரி படத்தைக் கட்டுப்படுத்தும் என்பது எனக்குத் தெரியாது. படம் பூதமாக வளர்ந்தது. மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டன் செல்போன் திரைக்கு வெளியே போயிற்று.

பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அதிகாரி அதைத்தான் திறந்து பார்த்தார். "நிறுத்துற பட்டன் எங்கய்யா?"

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மேலாளர் எல்லார் முன்னாலும் எபினேசரைக் கிழித்தார். "பாத்துதான் போட்டேன் சார்" என்று எபினேசர் ஒரே தடவை சொன்னார். அவரை பேக்கிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தார். "மாமா, படத்துக்கு மேல ஒரு காலி வரி கீது. நான் வுடல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "கீபோர்டு மேல பூனை கீனை நடந்திருக்கும்" என்றேன்.

சிரித்தார். பிறகு கேட்கவே இல்லை.

துக்கத்துக்கு வேப்பம்பட்டில் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி கேட்டார்: "அண்ணா, கவனமில்லாமத்தான் அவரு அந்த வேலைய வுட்டாரா? பொண்ணு கேக்குது."

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப யாரு பண்ணது?"

வாசலில் கிடந்த செருப்புகளில் என்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தக் காலி வரியை விட்டது நான். மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகலை வேப்பம்பட்டுக்கு எடுத்துப்போனேன். மகள் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்த பிறகு யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கோப்புதான். எழுதியவர் பெயர் வருமிடத்தில் ஒரு வருடமாக என் பெயர் இருந்தது. அதை அழித்து 'எபினேசர்' என்று அடித்தேன். இனி நான் காக்கவேண்டிய வரி அது.